மாடிச் சாமி பொரித்த அப்பளம்

“சாமி, இருபது வருஷம் கொதிகலனோட குடித்தனம் பண்ணினவ நான். இந்த ஊருக்கு வந்து ஓட்டல்ல கீரை கழுவிக்கிட்டிருக்கேன். இது நியாயமா?”

வாசலில் நின்றபடியே கேட்டாள் கனகவல்லி. காலணியைக்கூடக் கழற்றவில்லை. அதில் ஒட்டியிருந்த பனி உருகி மிதியடியை நனைத்தது.

மாடிச் சாமி அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களா அக்கா?”

அக்காவாம்! சாமிக்கு முப்பது வயது தாண்டியிருந்தால் அதிகம். கனகவல்லிக்கு ஐம்பதை எட்டப்போகிறது. துணி துவைக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்ததால் அவருக்கு மாடிச் சாமி என்று பேர். அந்தக் குளிர்நாட்டில் பிழைக்கப்போன தமிழ்ச் சனம், மனசு கனத்தால் அந்தப் படியைத்தான் ஏறும்.

“ஆச்சு சாமி” என்றாள் கனகவல்லி.

பச்சைப் பொய். விடிகாலையில் ஒரு டம்ளர் காபியோடு ஓட்டலுக்குப் போனவள், வேலை முடிந்து நேரே பஸ் பிடித்து வந்திருக்கிறாள். வயிறு கபகபவென்று எரிகிறது.

ஆனால் வேறென்ன சொல்வாள், பாவம்? நம் வீடுகளில் வழக்கமே அதுதானே. கேட்டதும் ‘இன்னும் இல்லை’ என்று உட்கார்ந்துவிட்டால் பறக்காவெட்டி என்பார்கள். ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். ‘அட, ஒரு வாய்தானே’ என்று அவர்கள் வற்புறுத்த வேண்டும். ‘ஐயோ, வேண்டாங்க’ என்று நெளிய வேண்டும். தட்டு வந்துவிடும். அதற்குப்பிறகு எத்தனை முறை சோறு வாங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

“அப்படியா, சரி” என்றார் சாமி.

ஒரே ஒரு தட்டை எடுத்தார். சோறு போட்டார். வத்தக்குழம்பு ஊற்றினார். அப்பளத்தை ஓரத்தில் வைத்தார். அவள் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

கனகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன மனுஷன் இவர்!

“சொல்லுங்க அக்கா.”

எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னாள்.

“இங்க வீட்டுக்கு வீடு சூடு எப்படி வருது? அங்கங்க பொதுவா ஒரு பெரிய கொதிகலன். மரச்சிராயை எரிச்சு, வெந்நீரைக் குழாய்ல வீட்டுக்கு வீடு அனுப்புறாங்க. நான் திருவண்ணாமலைப் பக்கம் சர்க்கரை ஆலையில கரும்புச் சக்கையை எரிச்சவ. ரெண்டும் ஒரே வேலைதான் சாமி. இந்த வேலையை நம்பித்தான் தனி ஆளா விமானம் ஏறினேன்.”

“ம்.”

“வந்து பார்த்தா, என் பட்டத்தை ஒத்துக்க ஒரு வருஷம் இழுத்தடிச்சாங்க. அது முடிஞ்சா, ‘இந்த நாட்டுல வேலை பார்த்த அனுபவம் உண்டா?’ன்னு கேட்கிறாங்க. வேலை கொடுத்தாத்தானே சாமி அனுபவம் வரும்? பாதிப் பேர் பதிலே போடுறதில்ல. என் பேரைப் படிக்கத் தெரியாமலே ஒதுக்கி வச்சுடறாங்களோ என்னமோ.”

“எல்லாருமேவா?”

“வடக்குக் கரை வெப்ப நிலையத்துல மட்டும் நேர்ல கூப்பிட்டாங்க. ஆபீசர் நல்ல மனுஷன். ‘ஈர விறகு எரிக்கிற கொதிகலன் உங்களுக்குத் தெரியுமா?’ன்னு கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

“‘ஏதோ கொஞ்சம் தெரியும்’னு சொன்னேன்.”

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. தம்பட்டம் அடிக்காமல் பதவிசாகச் சொன்னோமே என்கிற பெருமை.

“அப்புறம்?”

“‘ஆலையில உங்க பங்கு என்ன?’ன்னார். ‘எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம், நானும் கூட நின்னேன்’னேன். காபி வேணுமான்னு கேட்டார். வேண்டாங்கன்னேன். அவர் மட்டும் குடிச்சார். நல்லபடியாத்தான் வழியனுப்பினார். ரெண்டே நாள்ல வேற ஆளைப் போட்டுட்டாங்க.”

சாமி அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார்.

“இப்ப தெற்குக் கரை நிலையத்துல கூப்பிட்டிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை. இதுவும் போச்சுன்னா பெட்டியைக் கட்டிடுவேன் சாமி. என் மக, அம்மாவைப் பார்த்துத்தானே நானும் இன்ஜினியரிங் சேர்ந்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா. அவ கிட்டப் போய், உங்கம்மா கீரை கழுவிட்டுத் திரும்பி வந்துட்டாடின்னு எந்த முகத்தோட சொல்லுவேன்?”

குரல் உடைந்துவிட்டது. முந்தானையைத் தேடினாள். கம்பளிச் சட்டைதான் இருந்தது. அதன் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் என்ன பண்ணட்டும் சாமி?”

சாமி கடைசி வாயை மென்று முடித்தார்.

“அப்பளம் நல்லாப் பொரிஞ்சிருக்கு” என்றார்.

கனகவல்லி எழுந்துவிட்டாள்.

“சனிக்கிழமை வாங்க அக்கா. சாப்பாட்டு நேரத்துக்கே வாங்க.”

படி இறங்கும்போது அவள் வாய்க்குள்ளே திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே சொல்ல முடியாது.

ஆனாலும் சனிக்கிழமை வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

சாப்பாட்டு நேரத்துக்கே வரச் சொன்னாரே, இன்றைக்காவது போடுவார் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள். படியிலேயே சாம்பார் வாசனை தூக்கியது.

“சாப்பிட்டீங்களா அக்கா?”

பசி ‘இல்லை’ என்றது. வாய், பழகின வாய்.

“அதெல்லாம் ஆச்சு சாமி. நீங்க சாப்பிடுங்க.”

“சரி” என்றார் சாமி. ஒரே ஒரு தட்டை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து இன்னொருவர் படியேறி வந்தார். ஆண்டர்ஸ் என்று பேர், உள்ளூர்க்காரர், பஸ் டிரைவர். சனிக்கிழமைகளில் சாமியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

“சாப்பிட்டீங்களா?” அவரிடமும் சாமி அந்த ஊர் பாஷையில் அதையேதான் கேட்டார்.

“இல்லை. பசி உயிர் போகிறது. என்ன செய்திருக்கிறீர்கள்?”

இன்னொரு தட்டை அவரே எடுத்துக்கொண்டார். சாம்பாரை இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார். ‘அந்தக் காரமான ஊறுகாய் இருக்கிறதா?’ என்று வேறு கேட்டார். கேட்டு வாங்கிக்கொண்டார்.

“இன்றைக்குப் பனி அதிகம். பஸ் ஓட்டக் கஷ்டமாக இருந்திருக்குமே” என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தாள் கனகவல்லி.

“மற்றவர்களுக்குக் கஷ்டம். பனியில் பஸ் ஓட்ட இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது” என்றார் ஆண்டர்ஸ், அப்பளத்தைக் கடித்தபடி.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. இன்று சனிக்கிழமை என்று சொல்வது மாதிரி சொன்னார். சாமியும் தலையாட்டிக்கொண்டார்.

கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா பார், என்று நினைத்தாள் கனகவல்லி. நினைக்கும்போதே அவள் வயிறு அறைக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

ஆண்டர்ஸ் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“என்ன சாமி நீங்க? நம்ம ஊர்ல பொறந்து வளர்ந்தவர்தானே? ரெண்டு தடவையும் பசியோட வந்து உட்கார்ந்திருக்கேன். ஒப்புக்காவது, ஒரு வாய் சாப்பிடுங்க அக்கான்னு சொல்லக்கூடாதா?”

“கேட்டேனே அக்கா.”

“ஒரு தடவை கேட்டா? ஒரு தடவை கேட்டதும் யாராவது ஆமாம்னு சொல்லுவாங்களா? திரும்பக் கேட்க வேண்டாமா? இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!”

சாமி தட்டைக் கீழே வைத்தார்.

“வடக்குக் கரை ஆபீசர் எத்தனை தடவை கேட்டார்?”

“ஒரே ஒரு தடவை” என்றாள் கனகவல்லி.

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அந்த மனுஷன் காபி கோப்பையோடு உட்கார்ந்திருந்தது அவள் கண்ணில் வந்தது. ‘கொஞ்சம் தெரியும்’ என்று சொன்னதும் அவர் முகம் வாடியது வந்தது. வாடத்தானே செய்யும்? ஊர் முழுவதையும் பனியில் உறையாமல் காக்கிற அடுப்பை, கொஞ்சம் தெரிந்தவளிடம் எவன் கொடுப்பான்?

“அடப் பாவமே” என்றாள். “அவர் நிஜமாவே நம்பிட்டாரு சாமி!”

சாமி சிரிக்கவில்லை.

“பதில் போடாதவங்க, பேரைப் பார்த்தே ஒதுக்கினவங்க, அதெல்லாம் அவங்க சாத்தின கதவு. அந்தக் குத்தம் அவங்களோடது. நீங்க அதைச் சுமக்க வேண்டாம்.”

“அப்ப அந்த வடக்குக் கரை ஒண்ணு?”

சாமி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். வாணலியில் எண்ணெய் ஊற்றினார். அது காய்ந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

“சாப்பிட்டீங்களா அக்கா?”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது வெளியே வருவதற்குள் அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“இல்ல சாமி. பசிக்குது.”

“என்ன வேணும்?”

“எல்லாம் வேணும். அப்பளம் ரெண்டு.”

அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து, ஆண்டர்ஸ் பாதித் தியானத்தில் ஒரு கண்ணைத் திறந்துவிட்டார்.

வியாழக்கிழமை.

தெற்குக் கரை நிலையத்துத் தலைவி உயரமான, கண்டிப்பான அம்மாள். மேசைமேல் காபிக் குடுவை. சுவருக்கு அந்தப்பக்கம் கொதிகலன் உறுமுவது காலடித் தரையில் தெரிந்தது. அந்த அதிர்வு பட்டதுமே கனகவல்லிக்குத் தாய்வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

“காபி?”

“வேண்டும். சர்க்கரை தூக்கலாக.”

அம்மாள் ஊற்றிக் கொடுத்தாள்.

“ஈர விறகு எரிக்கிற கொதிகலன் தெரியுமா?”

நாக்கு நுனிக்கு அந்தப் பழைய பதில் ஓடி வந்தது. கனகவல்லி ஒரு வாய் காபியைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

“நன்றாகத் தெரியும்.”

“எவ்வளவு நன்றாக?”

“ஒரு வருஷம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சக்கை முழுக்க நனைந்துவிட்டது. அடுப்பு அணைகிற நிலைமை. பிழிந்த சாறு அப்படியே நிற்கிறது, வெளியே விவசாயிகள் கரும்பு வண்டியோடு நிற்கிறார்கள். ஆலையை நிறுத்திவிடலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். சக்கையை அடுப்புக்குள் மெல்லிசாகப் பரப்பி விழச் செய்தேன். அடியிலிருந்து சூடான காற்றைக் கூட்டினேன். ஆலை நிற்கவில்லை. அதைச் செய்தது நான்.”

சொல்லிவிட்டு இன்னொரு வாய் காபி குடித்தாள்.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறதா?”

வந்ததடா அந்தக் கேள்வி!

“இல்லை. நனைந்த மரச்சிராய் உங்களுக்கும் தொந்தரவு கொடுக்கும்தானே?”

அம்மாள் கொதிகலன் உறுமும் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“போன வாரம்கூடக் கொடுத்தது” என்றாள்.

“அந்த அடுப்பைக் காட்டுங்கள். பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.”

இருவரும் எழுந்தார்கள். கனகவல்லி காபியை விடவில்லை. கோப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கையில் டிபன் கேரியரோடு மூச்சிரைக்க வந்து நின்றாள் கனகவல்லி. முகமெல்லாம் பல்.

“சாமி, அந்தச் சுவர்க் குழாயைத் தொட்டுப் பாருங்க.”

சாமி தொட்டார். இதமான சூடு.

“இனிமே அதுல சூடு குறைஞ்சா என்னைத் திட்டுங்க. ராத்திரி மககிட்டச் சொன்னேன். போன்ல அவ போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் எழுந்துட்டாங்களாம்!”

சொல்லும்போதே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சாமிக்கும் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் நின்றார்.

அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. பாத்திரமெல்லாம் கவிழ்ந்து கிடந்தது. கனகவல்லி அதைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அறையெல்லாம் மணத்தன.

“சாப்பிட்டீங்களா சாமி?”

“ஆச்சு அக்கா, இப்பதான்.”

சொன்ன பிறகுதான் சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்படியா, சரி” என்றாள் கனகவல்லி.

ஒரே ஒரு தட்டை எடுத்தாள். சாதத்தைப் போட்டாள். வறுவலை ஓரத்தில் வைத்தாள். அவர் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாக ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

சாமி தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

“அக்கா.”

“சொல்லுங்க சாமி.”

“பசிக்குது.”

“தட்டை எடுத்துக்கிட்டு வாங்க” என்றாள் தெற்குக் கரை வெப்ப நிலையத்தின் கொதிகலன் இன்ஜினியர்.