மூன்றாம் மாளிகையின் கதவு

கேளுங்கள், சின்னவர்களே, பெரியவர்களே. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு பாதை இருந்த காலம் அது. அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் இருந்த ஊர்களை எல்லாம் நெடுங்கோ என்ற அரசன் ஆண்டுவந்தான்.

நெடுங்கோவுக்கு மாளிகைகள் மூன்று. மழைக்காலத்துக்கு நகரத்தில் ஒன்று. கோடைக்குக் கடற்கரையில் ஒன்று. மூன்றாவது கொக்குமலையின் மேல் இருந்தது. அது எந்தக் காலத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. அரசனின் பாட்டன் கட்டியது. பட்டம் சூடிய ஆண்டில் நெடுங்கோ ஒரு முறை வந்து மூன்று நாள் தங்கினான். அதோடு சரி. பத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அரசன் வரவில்லை. வரி மட்டும் தவறாமல் வந்தது.

மலையடியில் வேம்பனூர் என்று ஓர் ஊர். அறுவடை முடிந்ததும் மாளிகையின் காரியக்காரர் கருமாணிக்கம் மலையிலிருந்து இறங்கி வருவார். வயல் உள்ளவர்கள் நெல் கொடுக்க வேண்டும். சூளை உள்ளவர்கள் ஓடு கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் உடம்பைக் கொடுக்க வேண்டும். முப்பது நாள் மலையேறி மாளிகையின் முற்றத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வேம்பனூரில் சூளை வைத்திருந்தவள் சடைச்சி. சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. உப்பு வாங்கினால் நாக்கில் வைத்துப் பார்ப்பாள், வெயிலில் காட்டிப் பார்ப்பாள், அப்புறமும் உப்பு விற்பவனின் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். கணவன் இருளப்பன் மழை வரும் போலிருக்கிறது என்றால், யார் சொன்னது என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவள் ஆண்டுக்கு ஆயிரம் ஓடு சும்மா கொடுப்பாளா? ஆளே இல்லாத வீட்டில் ஓடு எப்படி உடைகிறது என்று காரியக்காரரிடமே கேட்டுவிட்டாள்.

குரங்குகள் உடைக்கின்றன என்றார் அவர். சடைச்சி ஆயிரம் ஓடு கொடுத்தாள்.

அடுத்த ஆண்டும் கேட்டாள். காற்று உடைத்தது என்றார். ஆயிரம் ஓடு கொடுத்தாள்.

மூன்றாம் ஆண்டும் கேட்டாள். இந்த முறை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது வெறும் வீடில்லை, அம்மா. நாட்டின் வீடு. அது பொலிவாக நின்றால் உனக்கும்தானே பெருமை?"

பெருமை என்ற சொல்லைக் கேட்டதும் சடைச்சியின் சந்தேகம் கெட்டிப்பட்டது. இந்த மனிதர் ஓட்டை எங்கோ கொண்டுபோய் விற்கிறார் என்று முடிவு கட்டினாள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த நினைப்பு ஏற்கெனவே இருந்தது. சொல்லத்தான் பயம்.

இதற்கிடையில் வேம்பனூர் ஏரியின் கரை இளகிக்கொண்டே வந்தது. எலி வளை ஒரு பக்கம், வேர் பாய்ந்த வெடிப்பு ஒரு பக்கம். மண் சுமந்து கரையைப் பலப்படுத்த வேண்டியவர்கள் முப்பது நாளும் மலைமேல் முற்றம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வருவதற்குள் விதைப்பு வந்துவிடும். கரையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். மூன்று ஆண்டும் அப்படியே சொன்னார்கள்.

நான்காம் ஆண்டு சடைச்சி ஒரு வேலை செய்தாள். பச்சை ஓடு காய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றின் அடியிலும் தன் கட்டைவிரலை அழுத்தினாள். ஆயிரம் ஓட்டிலும் ஆயிரம் குழி. பிறகு வேலைக்குப் போகிறவர்களோடு தானும் மலையேறினாள். கூரை வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஏறுகிறேன் என்றாள்.

ஏறிப் பார்த்தாள். கட்டைவிரல் குழி பதிந்த அவளுடைய ஓடு அத்தனையும் அங்கே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. கருமாணிக்கம் ஒரு துண்டைக்கூடத் திருடவில்லை.

ஆனால் கழற்றி அடுக்கியிருந்த பழைய ஓடுகளையும் அவள் புரட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் உடையவே இல்லை. நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கீழே இறங்கி உள்ளே போனாள். முதல் அறையில் ஒரு கட்டில்; அதன்மேல் அன்று காலை பறித்த மல்லிகை. யாரும் படுக்கவில்லை. இரண்டாம் அறையில் பகலிலேயே எரியும் பதினாறு விளக்குகள். யாரும் அந்த வெளிச்சத்தில் எதையும் பார்க்கவில்லை. மூன்றாம் அறையில் தலைவாழை இலை போட்டு, சோறும் குழம்பும் ஐந்து கறியும் பரிமாறியிருந்தது. யாரும் சாப்பிட வரவில்லை. சோறு ஆறியதும் ஒருவன் வந்து இலையை மடித்து எடுத்துக்கொண்டுபோய் மயில்களுக்குக் கொட்டினான்.

பின்கட்டில் கருமாணிக்கம் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வேட்டியில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. தான் இந்த மாளிகையின் நெல்லில் ஒரு மணியைத் தொட்டதில்லை என்று அவர் சொன்னார். சடைச்சி அதை நம்பினாள். அவள் வாழ்நாளில் பிறர் சொல்லை உடனே நம்பியது அன்றைக்குத்தான்.

நம்பியதால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. திருடன் இருந்தால் பிடித்துக் கொடுத்துவிடலாம். இங்கே திருடனே இல்லை. ஆனாலும் ஊரின் நெல்லும் மண்ணும் உழைப்பும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் பெய்தது, இரண்டு நாள் பெய்தது, மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் ஏரிக்கரை உடைந்தது. முதலில் வயல் போயிற்று. பிறகு நெசவாளர் தெரு போயிற்று. பிறகு சடைச்சியின் சூளை சரிந்து சேறாயிற்று. ஊர் முழுவதும் பிள்ளைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு மலைமேல் ஓடியது.

மாளிகைக் கதவு சாத்தியிருந்தது. தேக்கு மரக் கதவு. யானை முட்டினாலும் அசையாதது.

சடைச்சி கதவைத் தட்டினாள். பிள்ளைகள் நனைகிறார்கள் என்றாள். கருமாணிக்கம் சாளரத்தில் தலை நீட்டி, அரசர் ஆணை இல்லாமல் திறக்க முடியாது என்றார்.

மறுபடி தட்டினாள். நெசவாளர் வீட்டுப் பூவாயிக்கு வலி எடுத்துவிட்டது, அவளை மட்டுமாவது உள்ளே விடுங்கள் என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் திறக்கவில்லை.

மூன்றாம் முறை தட்டினாள். அப்போது அவர் சொன்னார்: "நான் என்னம்மா செய்வேன்? இது அரசர் வீடு. ஊரார் நுழைய இடமில்லை."

பூவாயி ஒரு பாறையின் ஒதுக்கில் பிள்ளை பெற்றாள். பெண் குழந்தை. மூன்று பெண்கள் தங்கள் ஈரச் சேலையை விரித்துச் சாரலைத் தடுத்து நின்றார்கள். குழந்தை ஒரு பகல் உயிரோடு இருந்தது.

வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் நெடுங்கோ வந்தான். வெள்ளம் பட்ட ஊருக்கு அரசன் முகம் காட்ட வேண்டும் என்று அமைச்சர்கள் சொல்லியிருந்தார்கள். தங்குவதற்குத் தகுந்த இடம் அந்தப் பக்கத்தில் அந்த மாளிகை ஒன்றுதான். கதவு அவனுக்காக அகலத் திறந்தது. சேறு காயாத துணியோடு ஊர் முழுவதும் வாசலில் நின்றது.

அரசன் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னான். பிறகு கருமாணிக்கம் ஓலையை விரித்துப் படித்தார்: மழையில் மாளிகையின் மதில் சரிந்துவிட்டது, ஆகவே இந்த ஆண்டு மாளிகை வரி இரட்டிப்பு, இது நாட்டின் வீடு, நாட்டார் மனமுவந்து தர வேண்டும்.

சடைச்சி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். இருளப்பன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். அவள் அதை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அரசே, எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள். "அறுவடையில் இது நாட்டின் வீடு என்றார்கள். நாங்கள் கொடுத்தோம். வெள்ளத்தில் இது அரசர் வீடு என்றார்கள். நாங்கள் வெளியே நின்றோம். உங்கள் வீடு என்றால், நான் என் வீட்டுக் கூரையை வேய்வதுபோல நீங்களே வேய்ந்துகொள்ளுங்கள். எங்கள் வீடு என்றால் அன்றைக்கு ஏன் கதவு திறக்கவில்லை?"

அரசன் காரியக்காரரைத் திரும்பிப் பார்த்தான். கருமாணிக்கம் தலை குனிந்து, இரண்டையும் சொன்னது நான்தான், இரண்டும் உண்மை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்றார்.

நெடுங்கோ கெட்டிக்காரன். புன்னகை மாறாமல், இனி உன் சூளைக்கு வரியே இல்லை, உன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் இல்லை என்றான். ஊரார் எல்லாரும் சடைச்சியைப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் அரசனைச் சந்தேகித்தார்கள். இப்போது அவளைச் சந்தேகித்தார்கள். என் ஆயிரம் ஓட்டை யார் தலையில் ஏற்றுவீர்கள் என்று அவள் கேட்டாள்.

அப்படியானால் கதவைத் திறக்காத இந்தக் காரியக்காரனை இப்போதே சிறையில் போடுகிறேன் என்றான். அவர் உங்கள் ஆணையைத்தானே காத்தார் என்றாள்.

சரி, அடுத்த வெள்ளத்தில் திறக்கச் சொல்கிறேன் என்றான்.

"நீங்கள் நகரத்தில் இருப்பீர்கள், அரசே. கதவு இங்கே இருக்கும்."

அரசனின் புன்னகை போயிற்று. கூட்டத்தில் பூவாயி நின்றிருந்தாள். அவளுடைய கை, மார்போடு அணைத்துப் பிடிக்க எதுவும் இல்லாமல், வெறுமனே மடிந்திருந்தது. அரசன் அந்தக் கையைப் பார்த்தான். வேறு பக்கம் திரும்பினான். மறுபடி பார்த்தான்.

பிறகு கருமாணிக்கத்தை அழைத்து, என் சொந்தப் பொருளில் இந்த மாளிகையை நடத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டான். பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதர், கடற்கரை மாளிகையை விற்றால் மூன்று ஆண்டு தாங்கும் என்றார்.

நெடுங்கோ மாளிகையின் கூரையை அண்ணாந்து பார்த்தான். கடைசியில், "இது உங்கள் வீடு," என்றான்.

சடைச்சிக்கு அது போதவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். ஓலையில் எழுதி முத்திரை வைக்கச் சொன்னாள். அவன் வைத்தான். கதவைக் கழற்றச் சொன்னாள். அமைச்சர்கள் முணுமுணுத்தார்கள். அரசன் தச்சரைக் கூப்பிட்டான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேக்குக் கதவு இரண்டும் இறங்கின. அவற்றைப் பலகையாக அறுத்து ஏரி மதகுக்குப் பொருத்தினார்கள். அந்த ஆண்டு முப்பது நாளும் ஊர் முழுவதும் கரைக்கு மண் சுமந்தது.

அதன் பிறகு ஆளில்லாத இலைக்குச் சோறு போடவில்லை. கட்டில் இருந்த அறை பிள்ளைப்பேற்றுக்கு ஆயிற்று. விளக்கு எரிந்த அறையில் விதைநெல் ஏறிற்று. மாளிகைக்கு என்ன வேண்டும், யார் எவ்வளவு கொடுப்பது என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. கருமாணிக்கம் அங்கேயே இருந்தார். நெல் மணிகளை முன்போலவே காத்தார்.

மறு ஆண்டு மாளிகைக்கு இருநூறு ஓடு போதும் என்றது ஊர். சடைச்சி புதுச் சூளையில் இருநூற்றுப் பத்து சுட்டாள். தானே சுமந்து போய், கூரையில் ஏறி, மூலை மூலையாகப் பார்த்தாள். கீழே நின்ற கருமாணிக்கம், வீடு உங்களுடையது ஆகிவிட்டதே, இன்னும் என்னம்மா சந்தேகம் என்றார்.

"இப்போதுதான் ஐயா, அதிகமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிசை ஓட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

ஆகவே, கேட்டவர்களே, மனதில் வையுங்கள்: எல்லாரும் சேர்ந்து தாங்கும் கூரை எல்லாருக்கும் நிழல் தர வேண்டும், தராவிட்டால், அதைத் தாங்கிப் பிடிக்கும்படி கேட்க எந்த அரசனுக்கும் நியாயம் இல்லை.