குளக்கரையில் விருந்து

நகராட்சி மன்றத்தில் எதிர்க்கட்சிக்கு இருந்த ஒரே கவுன்சிலர் வேதநாயகி. அவள் பக்கத்து நாற்காலியில்கூட யாரும் உட்கார மாட்டார்கள். ஊர்க்குளத்தில் சாக்கடை கலப்பதை அன்றும் எடுத்துச் சொன்னாள்.

"குளம் பளிங்காட்டம் இருக்கு. நாத்தம்னு உங்களத் தவிர யாராவது சொல்றாங்களா?" என்று தலைவர் தங்கப்பழம் கேட்க, மன்றமே சிரித்தது.

"ரொம்பச் சந்தோஷம் தலைவரே. அப்போ உங்க அறுபதாம் கல்யாண விருந்தக் குளக்கரையிலயே வைக்கணும்னு தீர்மானம் கொண்டு வாரேன்."

தலைவர் வீட்டு விருந்து என்றதுமே உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தங்கப்பழம் பதறிவிட்டார்.

"நிறுத்துங்கய்யா! அந்த நாத்தத்துல எவன்யா சாப்பிடுவான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நிருபர்கள் அதற்குள் எழுதிவிட்டார்கள்.

செய்தி வெளியாகி, குளத்துக்குள் வந்த சாக்கடையை அடைத்த அன்று தலைவருக்குத்தான் மாலை விழுந்தது. வேதநாயகியை யாரும் கூப்பிடவில்லை. எதிர்க்கரையில் தனியாக நின்றவள், மூக்கிலிருந்து முந்தானையை எடுத்து மெல்ல மூச்சை இழுத்தாள்.