ஒரு நூல் பின்னால்

"மேஸ்திரி, எல்லாம் சரியாத்தான் வெச்சேன். மேடு ஏறினா மட்டும் ஏன் இந்தக் கார் இப்படிக் கத்துது?"

கேட்டவர் தணிகாசலம். வயது அறுபத்து மூன்று. சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பையன் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லி முடித்து, அதற்காகவே நல்ல பேர் எடுத்த வாத்தியார்.

மேஸ்திரி என்று அவர் கூப்பிட்டது மெஹருன்னிசாவை. வயது முப்பத்து நாலுதான். ஏற்காடு அடிவாரத்தில் ஷெட் போட்டிருக்கிறாள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். மூன்று மாதமாகத் தணிகாசலம் அவளிடம் தொழில் கற்கிறார். கையில் நோட்டு வேறு! அவளுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வாள்.

"பொறி விழற டைமிங் எப்படி வெச்சீங்க சார்?"

"டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணி மெல்ல முன்னாடி திருப்பினேன். திருப்பத் திருப்ப இஞ்சின் சுறுசுறுப்பாச்சு. எங்கே ரொம்பச் சுறுசுறுப்போ, அங்கேயே டைட் பண்ணிட்டேன்."

"எங்கே நிறுத்தி வெச்சு?"

"வீட்டு வாசல்ல."

"வண்டிக்குள்ள யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

மெஹருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

"அவ எதுக்கு மேஸ்திரி?"

"யாரை ஏத்திட்டுப் போகப் போறீங்களோ, அவங்க உக்காந்தாத்தான் டைமிங் தெரியும்."

அக்கா என்றது அம்சவேணியை, தணிகாசலத்தின் மனைவியை. தை மாதம் பக்கவாதம் வந்து விழுந்தாள். கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் நின்று நின்று, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. பேசப் பேசத்தான் திரும்பும், பேச்சை விட்டுடாதீங்க என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவளோ இருபத்தாறு நாளாகப் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்து வீட்டில் பேசுகிறாள். கீரைக்காரியிடம் பேசுகிறாள். இவரைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்கிறது. மனுஷனுக்கு நெஞ்சு வெந்து போயிற்று.

மலைக்குக் கூட்டிப்போனால் நாலு வார்த்தை வராதா என்றுதான், மூடிக் கிடந்த பழைய ஃபியட்டை வெளியே எடுத்தார். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே இஞ்சின் கிணிகிணியென்று அடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அம்சவேணி முன் சீட்டில் வந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"டீயா காபியா அக்கா?" என்று மெஹருன்னிசா ஜன்னலில் குனிந்து கேட்டாள்.

அம்சவேணியின் உதடு பிரிந்தது.

"காபி. சர்க்கரை அரை ஸ்பூன்," என்றார் தணிகாசலம்.

உதடு மூடிக்கொண்டது. அம்சவேணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெஹருன்னிசா அவளைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். காபி வந்தது, குடித்து முடித்ததும் மெஹருன்னிசா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"எடுங்க சார். கியரைக் குறைக்காம மேட்டுல ஏத்துங்க."

முதல் வளைவு வருவதற்குள் கிணிகிணி தொடங்கிவிட்டது.

"ஓரங்கட்டுங்க."

இருவரும் இறங்கி பானெட்டைத் திறந்தார்கள்.

"நீங்க வாத்தியார், நீங்களே சொல்லுங்க. பிஸ்டன் மேல ஏறி வருது. பொறி எப்போ விழணும்?"

"உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ரொம்ப முன்னாடி விழுந்தா?"

"பிஸ்டன் பாதி வழியிலதான் இருக்கும். வெடிப்பு அதைக் கீழ தள்ளப் பார்க்கும்."

"அது பாவம், தம் கட்டி ஏறி வருது. வந்து சேர்றதுக்குள்ள மண்டையில ஒரு போடு போட்டா, கத்தாம என்ன பண்ணும்?"

"வாசல்ல நல்லா ஓடுச்சே!"

"வாசல்ல பாரம் இல்லையே சார். பாரம் இல்லாதப்போ நீங்க எவ்வளவு அவசரப்பட்டாலும் தாங்கும்."

ஸ்பேனரை அவரிடமே நீட்டினாள். நட்டை இளக்கினார்.

"ஒரு நூல் பின்னால. மெல்ல. ஐயய்யோ, அவ்வளவு வேண்டாம்! ஆங், அங்கேயே நிறுத்துங்க."

முடுக்கினார்.

"எனக்கு ஷெட்ல வேலை கிடக்கு, நான் நடந்து போயிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் மேல போயிட்டு வாங்க."

"மறுபடி சத்தம் வந்தா?"

"வருதான்னு கேட்டுட்டே போங்க. இருபதாவது வளைவு தாண்டற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட. அதுதான் இன்னைக்குப் பாடம்."

வாத்தியாருக்கே வாய்ப்பூட்டு! ஆனாலும் மேஸ்திரி சொல் மேஸ்திரி சொல்தான். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

மூன்றாவது வளைவு. சத்தமில்லை. ஐந்தாவது வளைவு. இஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே ஏறியது. பார்த்தியா, சரியாயிடுச்சு என்று சொல்லத் துடித்தது அவருக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏழாவது வளைவில் அம்சவேணி வாய் திறந்தாள்.

"உங்க..."

மாத்திரையா? ஜன்னலை ஏத்தணுமா? வயித்தைப் புரட்டுதா? மூன்றும் அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பாடம், பாடம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"உங்களு...க்கு..."

மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. ஒதுங்கி வழிவிட்டார். எட்டாவது வளைவும் போனது. இஞ்சினைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார், அது அவருக்கே தெரியவில்லை.

"நான்... விழுந்த... அன்னிக்கு..."

ஒன்பதாவது வளைவு.

"ரொம்ப... பயமா... இருந்துச்சா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உதடு கோணிற்று, கண்ணை நீர் மறைத்தது, பாதை தெரியவில்லை. காரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அம்சவேணி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்லும்வரை காத்திருந்தாள்.