காலியான சட்டைப் பை

செண்பகவல்லி டாக்டருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் புற்றுநோய்க் கதிர் சிகிச்சைக் கணக்குப் படிக்க வந்த தேவசகாயத்துக்கு நாற்பத்தாறு. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவராகியிருந்தார். எட்டு வயது மூத்த சீடர் என்று நர்சுகள் கேலி செய்வார்கள். கேள்வி கேட்பதில் மட்டும் அவருக்குக் கூச்சமே கிடையாது.

அன்று அவர் முன்னால் இருந்தது இசக்கிமுத்துவின் ஃபைல். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய இடது நுரையீரல் கட்டிக்குக் குறிவைத்துக் கதிர் பாய்ச்சியிருந்தார்கள். இப்போது அதே இடத்தை ஒட்டிக் கட்டி மறுபடி வந்திருந்தது. இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அளவைக் குறைத்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும். கூட்டினால் நுரையீரலும் விலா எலும்பும் தாங்காது.

"முதல் தடவை கொடுத்த கதிர்ல உடம்பு எவ்வளவு ஆறி மறந்திருக்கும், மேடம்?"

"புத்தகம் என்ன சொல்லுது?"

"நாலு புத்தகம் நாலு விதமா சொல்லுது."

"அப்ப அவரைக் கூப்பிடுங்க, சார்."

இசக்கிமுத்து வந்தார். தேவசகாயம் இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட திட்டம் கணினியில் வண்ண வண்ணமாகத் தெரிந்தது. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வந்தவரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோனை எங்க வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

அவர் கையிலிருந்த மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினார். ஃபோன், கண்ணாடிக் கூடு, பேனா எல்லாம் அதற்குள் கிடந்தன. முப்பது வருடம் சட்டைப் பை பிதுங்கத் திரிந்த மனிதர். இப்போது அதில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகிலிருந்து ஒவ்வொரு விலாவாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். விரல் இடது மார்புக்கு வந்ததும் இசக்கிமுத்து முந்திக்கொண்டார்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல, மேடம்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். முதல் சிகிச்சை முடிந்த எட்டாம் மாதத்திலிருந்தே அந்த இடத்தில் சட்டை உரசினாலே வலிக்கிறதாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதையே விட்டுவிட்டார். சொன்னால், இனிமேல் உங்களுக்குக் கதிர் கிடையாது என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அதனால் ஒவ்வொரு செக்கப்புக்கும் வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இனிமே கெடைக்காதா, மேடம்?"

"கிடைக்கும் அண்ணாச்சி. அந்த எலும்பை விட்டுட்டு வேற பக்கமா வரணும். நாள் கொஞ்சம் கூடும்."

அவர் போனதும் தேவசகாயம் மூன்று வருடத்துப் பழைய திட்டத்தைத் திறந்தார். முதல் முறை கதிர் நுழைந்தது அந்த விலா வழியாகத்தான். விலாவுக்குப் போன கதிரின் அளவை அவர் பத்து தடவையாவது பார்த்திருப்பார். அனுமதித்த வரம்புக்குள்தான் இருந்தது. ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார்.

"வலியைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லையே, மேடம்."

"நாம கொடுத்தது ஃபைல்ல இருக்கு, சார். அவர் வாங்கினது அவர்கிட்டதான் இருக்கு."