இருபத்திரண்டு கை

இதை எனக்கு முதலில் சொன்னது பியூலா அக்கா. இன்று காலை ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார். எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பெண்பிள்ளைகள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லாம் கண்ணால் கண்டவர்.

அந்தக் குளத்தில் தெய்வானை மேடம் முப்பது வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறார். சிறுபிள்ளையில் அவரிடம் நீந்தப் பழகிய ஷெர்லின் இப்போது அவருக்குக் கீழே பயிற்சியாளர். வயது இருபத்தாறு. நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை அதுவரை இல்லாத வேகத்தில் நீந்திய அன்று, குளத்தின் ஒரு நீளத்துக்கு எத்தனை கை போட்டாள் என்று எண்ணிச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். அதற்குப் பிறகு தினமும் அதே கணக்குதான். அங்கே பழகும் இசைவாணி பேருக்கு நேரே இருபத்திரண்டு. பதினோரு வயதில் எழுதியது. அன்று ஐம்பது மீட்டரை, அதாவது போக ஒரு நீளம் வர ஒரு நீளம், முப்பத்துநாலு வினாடியில் முடித்தாள்.

இப்போது அவளுக்குப் பதிமூன்று. பெரிய பிள்ளையாகி ஏழு மாதம். அதற்குள் நாலு விரல் வளர்ந்துவிட்டாள். கம்பியில் தொங்கி இரண்டு தடவை எழும்ப முடியாதவள் ஐந்து தடவை எழும்புகிறாள். நேரம் மட்டும் முப்பத்தாறு ஆகிவிட்டது.

அவள் அப்பா முருகையா பழுதான மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வயசுக்கு வந்த பிள்ளைக்கு இன்னும் என்ன குளம் என்று வீட்டில் ஓயாத பேச்சு. சனிக்கிழமைத் தேர்வில் மாவட்ட அணிக்கு எடுத்தால் சரி, இல்லையென்றால் அன்றோடு நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெர்லின் கரையோடு நடந்து கையை எண்ணிக்கொண்டே வந்தாள். இருபதில் சுவரைத் தொட்டால், மறுபடி போ என்றாள். மூன்றாவது தடவை இசைவாணி சுவரைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள்.

ஷெர்லின் மேடத்திடம் வந்தாள்.

"பலம் கூடியிருக்கு, உயரம் கூடியிருக்கு. வேகம் மட்டும் ஏன் குறையுது மேடம்? சோம்பலா?"

"நீ இறங்கு," என்றார் மேடம்.

"நானா?"

"ஒரு நீளம் போ. உனக்கு எப்பவும் எத்தனை கை?"

"பதினாறு."

"இருபத்திரண்டு போடு. ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

ஷெர்லின் இறங்கினாள். கையை முழுசாக இழுத்தால் கணக்கு முடியுமுன் சுவர் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கையையும் பாதியிலேயே வெளியே எடுத்தாள். நடுக்குளத்தில் மூச்சு தப்பித் தண்ணீர் குடித்தாள். சுவரைத் தொட்டு இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இழுத்து முடிக்கவே விடமாட்டேங்குது மேடம்."

கரையில் உட்கார்ந்திருந்த இசைவாணி சிரித்துவிட்டாள். "எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு."

"ஏன்டி சொல்லலை?"

"நீங்க எண்ணிக்கிட்டே இருந்தீங்க."

ஷெர்லின் மேலேறிப் போய் ஈரக்கையால் சுவரிலிருந்த எண்ணை அழித்தாள். இனி எத்தனை என்று எழுதட்டும், பதினெட்டா, பத்தொன்பதா என்று கேட்டாள்.

"நாளைக்கு நீ வாயைத் திறக்காம இரு," என்றார் மேடம். "அது போதும்."

சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகள். இடம் இரண்டு. ஷெர்லின் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாளாம். இசைவாணி போகும்போது பத்தொன்பது கை, வரும்போது இருபது. நீளமாக இழுத்தாள், திடீரென்று பழையபடி அவசரப்பட்டாள், மறுபடி நீளமாக இழுத்தாள். முப்பத்தைந்தரை வினாடி. மூன்றாவதாக வந்தாள்.

முருகையா கரைக்கு வந்தார். காலையில் ஐந்து மணிக்கு எழுப்பி ரெண்டு வருஷம் கூட்டிக்கொண்டு வந்தது பின்னால் போகத்தானா என்று கேட்டார். ஷெர்லின் மறைக்கவில்லை. பதினோரு வயசுக் கணக்கை இவள் மேல் நான்தான் திணித்தேன், தப்பு என்னுடையது என்றாள்.

அவர் சமாதானமாகவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. அந்த முப்பத்துநாலு திரும்பி வருமா, வராதா?"

ஷெர்லின் திரும்பி மேடத்தைப் பார்த்தாள்.

"வராதுங்க," என்றார் மேடம். "அதை நீந்துனது பதினோரு வயசுப் பிள்ளை. அந்தப் பிள்ளை இப்ப இல்லை. இந்தப் பிள்ளை தண்ணிக்குள்ள இறங்கி ஏழு மாசந்தான் ஆகுது."

முருகையா மகளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். வரலாம் என்றும் சொல்லவில்லை, நிறுத்தியாச்சு என்றும் சொல்லவில்லை.

நாளைக் காலை ஐந்தரைக்குக் குளம் திறக்கும். இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது இசைவாணி பேரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.