அபிராமசுந்தரியின் முந்தானை

தமயந்தியின் தையல்கூடம் ஆழ்வார்பேட்டையில் இருந்தது. எந்த ஆடையையும் அவள் ஒரு முறைதான் தைப்பாள். அதேபோல் இன்னொன்று வேண்டும் என்று யார் கேட்டாலும் கிடைக்காது.

அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள ஒருநாள் சபாபதி வந்து நின்றார். லஞ்ச ஒழிப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கற்றுக்கொடுப்பவளைவிட இருபது வயதாவது மூத்தவர்.

"இந்த வயசுல எதுக்கு சார் இது?" என்று கேட்டாள்.

"சர்வீஸ் முழுக்க மனுஷங்களோட சட்டைப் பையைத்தான் பார்த்தேன் மேடம். சட்டையைப் பார்த்ததே இல்லை."

அந்தப் பதிலுக்காக அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

ஊசி பிடிக்க அவர் சீக்கிரமே பழகிவிட்டார். சந்தேகப்படுவதைத்தான் விட முடியவில்லை. பட்டு நூல் கொண்டுவருகிறவர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று யோசிப்பார். ஒரு பெண் வந்து ஆடைகளைப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போனால், "அந்தம்மா தனக்காக வரலை மேடம், யாரோ அனுப்பியிருக்காங்க" என்பார். தமயந்தி மறுத்துப் பேச மாட்டாள். "இருக்கலாம் சார்" என்பாள். அவள் அப்படிச் சொல்வதையும் அவர் சந்தேகப்பட்டார்.

அந்த நாட்களில் சென்னைப் பெண்கள் எதை உடுத்த வேண்டும் என்பதை அபிராமசுந்தரி தீர்மானித்தார். அவர் பாடகி. அறுபதைத் தாண்டியவர். கச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைக் கேட்க வந்தார்கள், மீதிப் பேர் பார்க்க வந்தார்கள். ஒரு மார்கழியில் சாம்பல் நிறப் பருத்திப் புடவையில் மேடையேறினார். பொங்கலுக்குள் கடைகளில் அந்த நிறம் தீர்ந்துபோனது. தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினார். அவரைப் பார்த்து எத்தனையோ வீடுகளில் சாயப் புட்டிகள் குப்பைக்குப் போயின. இத்தனைக்கும் அவர் எந்த வடிவமைப்பாளரிடமும் போனதில்லை. தெருமுனைத் தையற்கடையில்தான் ரவிக்கை தைத்துக்கொண்டார்.

தமயந்தி அவருடைய கச்சேரி ஒன்றையும் விடமாட்டாள். நடுவரிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்து பார்ப்பாள். மறுநாள் காலையில் வரைவாள். வரைந்தது கவுனாக இருக்கும், நீளமான கோட்டாக இருக்கும். ஆனால் கழுத்து திரும்பும் விதத்திலும் தோள் சரியும் விதத்திலும் அபிராமசுந்தரி தெரிவார். அதை அவள் மறைத்ததில்லை. புதிதாகத் தைத்தவற்றை முதலில் அவரிடம்தான் காட்டுவாள்.

அந்த வருஷம் பாரிஸ் ஆடைக் காட்சிக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. அதற்காகத் தைத்த எல்லா ஆடைகளிலும் ஒரே எண்ணம் ஓடியது. இடது தோளிலிருந்து விரிந்து இறங்கும் துணி, கையை விரல்நுனி வரை மூடி, இடுப்பில் செருகிக்கொள்ளும். பார்த்தால் ஒரு பெண் தன்னைத்தானே ஏந்திக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

அபிராமசுந்தரி வந்து பார்த்தார். பொம்மைகளுக்கு உடுத்தியிருந்த ஆடைகளின் முன்னால் வெகுநேரம் நின்றார். "நல்லாயிருக்கு" என்றார். காபி வந்துகொண்டிருந்தது. காத்திருக்காமல் போய்விட்டார்.

காட்சியின் அழைப்பிதழில் அச்சிட ஓர் ஆடையைப் படம் எடுத்து பாரிஸுக்கு அனுப்பினார்கள். அது வெளியாவதற்கு முன்பே மும்பையில் ரெக்ஸ் என்ற வடிவமைப்பாளர் தன் புதிய ஆடைகளைக் காட்டினார். சபாபதி செல்போனில் அந்தப் படங்களைப் பார்த்தார். இடது தோளிலிருந்து துணி இறங்கியது. கையை மூடியது. இடுப்பில் செருகிக்கொண்டது.

போனைத் தமயந்தியிடம் நீட்டினார்.

"பாரிஸ்காரங்களை விட்டா இதைப் பார்த்தவங்க மூணே பேர் மேடம். நீங்க, நான், அந்தப் பாட்டுக்காரம்மா."

"ஆமா."

"காபிகூடக் குடிக்காம போனாங்க. அன்னிக்கே எனக்கு உறுத்திச்சு."

"என்னையும் சந்தேகப்பட்டீங்களா சார்?"

"முதல்ல உங்களைத்தான்."

அவள் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கச்சேரி டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு அவங்க பாடறாங்க. நான் வரலை. நீங்க போய்ப் பாருங்க."

"என்ன பார்க்கணும்?"

"அவங்களை."

மறுநாள் மாலை சபாபதி போனார். அதற்கு அடுத்த நாள் காலையில் தையல்கூடம் திறக்கும்போதே வாசலில் நின்றார். முகம் தெளிவாக இருந்தது.

"ஆள் சிக்கிட்டார் மேடம். ரெக்ஸ் மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தார். கச்சேரி முடிஞ்சதும் உள்ள போய் அந்தம்மா கால்ல விழுந்தார். ரெண்டு பேரும் பேசினாங்க. பக்கத்துல இருந்தவங்க விலகினதுக்கு அப்புறமும் பேசினாங்க."

"ரெக்ஸ் எப்பவும் அந்த வரிசைதான். எனக்கு முன்னாலேர்ந்து வர்றவர்."

"இதை நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலை. அவங்க இடது கை என்ன பண்ணிச்சு?"

"யாரோட இடது கை?"

"அபிராமசுந்தரி அம்மாவோடது."

சபாபதி யோசித்தார். ரெக்ஸ் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பது நினைவிருந்தது. யார் யார் எப்போது எழுந்து போனார்கள் என்பது நினைவிருந்தது. பாடியவரின் கை நினைவில் இல்லை.

"அடுத்த வாரமும் அவங்களுக்குக் கச்சேரி இருக்கு" என்றாள் தமயந்தி.

அந்த வாரம் முழுவதும் சபாபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேடம் எதையோ மூடி மறைக்கிறாள் என்று நினைத்தார். தனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகை நிருபரைக் கூப்பிட்டு, ரெக்ஸின் ஆடையைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். தன் பெயர் வரக்கூடாது என்றும் சொன்னார்.

பிறகு இரண்டாவது கச்சேரிக்குப் போனார். இந்த முறை கையை மட்டும் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் அந்தத் தெளிவு இல்லை.

"இடது கை முந்தானைக்குள்ளயே இருந்திச்சு மேடம். கடைசிவரைக்கும்."

"அதேதான் சார். முன்னெல்லாம் அந்தக் கை பாட்டோட மேல போகும், வளையும். இந்த வருஷம் அதை உள்ள வச்சுட்டாங்க. எவ்வளவு அடக்கம் பாருங்க. அதைத்தான் நான் தைச்சேன். ரெக்ஸும் அதையே பார்த்திருக்கார். யாரும் யார்கிட்டயும் எதையும் கொடுக்கலை."

சபாபதி உட்கார்ந்தார்.

"அது அடக்கம் இல்லை மேடம். தண்ணி குடிக்கத் தாளத்தை நிறுத்தி வலது கையால எடுத்தாங்க. இடது கை சும்மாத்தானே இருந்திச்சு. பொன்னாடை போர்த்த வந்தப்போ தோளைக் கொடுக்கலை, குனிஞ்சு கழுத்தைக் கொடுத்தாங்க. எழுந்திருக்கும்போது பின்னால பாடின பொண்ணு இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிச்சு. ஜனங்களுக்குத் தெரியாத மாதிரி. ஆளுங்க ஒளிச்சு வைக்கறதை நான் நிறையப் பார்த்திருக்கேன். அந்தம்மாவால கையைத் தூக்க முடியலை."

தமயந்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"தூக்க முடியலையா?"

அவளுக்கு அது தெரியாது. அந்த வருஷம் முழுவதும் நடுவரிசையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

அன்று பிற்பகலே இருவரும் அபிராமசுந்தரியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் முந்தானை சாதாரணமாகத் தோளில் கிடந்தது. இடது கை மடியில் இருந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை.

"தெரிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

தமயந்தி அந்தக் கையையே பார்த்தாள். சபாபதிதான், "எப்பத்திலேர்ந்தும்மா?" என்றார்.

"போன மார்கழி முடிஞ்சதும். தோள்ல ஆரம்பிச்சுது. இப்போ ரவிக்கை போட்டுக்கவே ரெண்டு பேர் வேணும். சபாக்காரங்களுக்குத் தெரிஞ்சா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. கை போச்சு, குரலும் போயிடும்னு பேசுவாங்க. அதான் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டேன்."

"நான் அதைப் போய்…" என்றாள் தமயந்தி.

"நீ பொம்மைக்குப் போட்டு நிறுத்தியிருந்தே. நான் மறைச்சதையெல்லாம் வரிசையா நிக்க வச்சிருந்தே." அவர் குரலில் கோபம் இல்லை. "நல்லாத்தான் இருந்திச்சு தமயந்தி. அதான் அங்க நிக்க முடியலை."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"ரெக்ஸ்கிட்டயும் சொல்லலை. அந்தப் பிள்ளை வந்து கால்ல விழுந்து, இந்த வருஷம் உங்க முந்தானைதான் எனக்கு வழி காட்டிச்சுன்னான். நான் என்னத்தைச் சொல்றது? வெளிய தெரிய வேண்டாம். உன்கிட்டக் கேக்கறது அது ஒண்ணுதான்."

அன்று அங்கே காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தார்கள்.

தையல்கூடத்துக்குத் திரும்பியதும் தமயந்தி பாரிஸுக்கான ஆடைகள் ஒவ்வொன்றையும் பொம்மையிலிருந்து இறக்கினாள். இடது தோளில் தையலைப் பிரித்து, கையை மூடிய துணியைத் தனியாக எடுத்தாள். மீதமிருந்தவை சாதாரணமான ஆடைகளாகத் தெரிந்தன. சபாபதி பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறுகளைப் பொறுக்கினார்.

பிறகு ஒரு ரவிக்கை வரைந்தாள். பார்க்க எல்லா ரவிக்கையும் போலத்தான். ஆனால் இடது பக்கம் கழுத்திலிருந்து கை முடியும்வரை பிரிந்து திறக்கும். கையைத் தூக்க வேண்டியதில்லை. துணியைக் கைக்கு அடியில் கொடுத்து மேலே கொக்கி மாட்டிக்கொள்ளலாம். கொக்கிகள் தையலுக்கடியில் மறைந்திருக்கும்.

"யாருக்குப் போட்டுப் பார்க்கறது மேடம்? வெளிய சொல்ல முடியாதே" என்றார் சபாபதி.

அவள் அவரைப் பார்த்தாள்.

அவர் தன் இடது கையை உடம்போடு சேர்த்து ஒரு துணிப்பட்டையால் கட்டிக்கொண்டார். தனக்காகப் பெரிதாக வெட்டிய மாதிரித் துணியை ஒற்றைக் கையால் போட்டுப் பார்த்தார். முதலில் தோளில் சிக்கியது. அடுத்து கொக்கி எட்டவில்லை. பிரித்துத் தைத்தாள், மறுபடி போட்டார். கடைசியில் யார் உதவியும் இல்லாமல் அது உடம்பில் பொருந்தியபோது அவர் கண்ணாடிக்கு முன்னால் சற்று நேரம் அப்படியே நின்றார்.

நல்ல துணியில் தைத்த ரவிக்கைக்கு அடிமடிப்புத் தையலை அவரே போட்டார். தையல்கூடத்தின் பெயர்ப்பட்டை அதில் வைக்கவில்லை. அபிராமசுந்தரி அடுத்த கச்சேரிக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தார். புதுப் புடவையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ரவிக்கையை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குள் பாரிஸ் அழைப்பிதழ் வெளியாகியிருந்தது. அதிலிருந்த படம் ரெக்ஸின் ஆடையைப் போலவே இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. ஒருநாள் அந்த நிருபர் தையல்கூடத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும், "சபாபதி சார்தான் முதல்ல கூப்பிட்டுச் சொன்னார்" என்றார்.

சபாபதி தரையைப் பார்த்தார்.

"ரெக்ஸைக் கேட்டேன் மேடம். அவர் அபிராமசுந்தரியைப் பார்த்துத்தான் செஞ்சேங்கறார். நீங்களும் அவங்களைப் பார்த்துத்தான் செய்வீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ கதையே அவங்கதான். இந்த வருஷம் ஏன் அப்படிக் கட்டறாங்கன்னு அவங்க வீட்டுக்கே போய்க் கேக்கலாம்னு இருக்கேன். பழைய கச்சேரி வீடியோவையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தா நல்ல கட்டுரையா வரும்."

தமயந்தி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ரெக்ஸோட வரைபடம் ஒண்ணு என் கண்ணுல பட்டுது. நான் அதைப் பார்த்துப் போட்டேன்."

நிருபர் நிமிர்ந்தார். "இதை நான் எழுதலாமா?"

"எழுதுங்க."

"ரெக்ஸ் இப்படிச் சொல்லலையே."

"பெருந்தன்மையா விட்டிருப்பார்."

நிருபருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அவசரமாக எழுந்து போனார். மறுநாள் அவளுடைய படத்தோடு செய்தி வந்தது. தைக்கக் கொடுத்திருந்தவர்கள் சிலர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ரெக்ஸ் போன் செய்து, "ஏன் மேடம் இப்படி?" என்று மட்டும் கேட்டார். அவள் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். அபிராமசுந்தரியின் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாரிஸிலிருந்து தகவல் வந்தது. அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். தமயந்தி அதைப் படித்துவிட்டு, அனுப்பக் கட்டி வைத்திருந்த ஆடைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

சபாபதி எழுந்து வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க பொய் சொன்னது எனக்குத் தெரியும் மேடம். ரெக்ஸுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல யோசிச்சோம்னு சொல்லியிருக்கலாம். உங்களுக்கே தோணிச்சுன்னு சொல்லியிருக்கலாம். திருடினேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

அவள் ஓர் ஆடையின் தோளைச் சரிசெய்தாள்.

"வேற எதைச் சொல்லியிருந்தாலும் அந்த நிருபர் அடுத்த கேள்வி கேட்டிருப்பார் சார்."