கூட இருக்கிறவர் சொல்லும் சாட்சி

"பதினோரு வருஷமா எழுதுறேன் உபதேசியாரே. ஒண்ணும் பிடிபடலை."

கோயில் பாயில் காலை நீட்டி உட்கார்ந்தபடி எட்வின் ஜெயசீலன் சொன்னார்.

மதுரையில் இறையியல் பேராசிரியர். வயது ஐம்பத்திரண்டு. மனுஷன் மனந்திரும்புவது எப்படி என்பது ஆராய்ச்சி. அதற்காக ஊர் ஊராய்ப் போய்ச் சாட்சிகளைப் பதிவு செய்கிறவர், இங்கேயும் வந்திருக்கிறார். செத்தாலும் முடியாத தலைப்பாகப் பார்த்து எடுத்திருக்கிறார், பாவம்.

உபதேசியார் தங்கக்கண் அவரைவிடப் பத்து வயது இளையவர். வாரநாளில் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சின்ன சபையை நடத்துவார்.

"என்ன பிடிபடலை?"

"மனசு உடைஞ்சவன் திரும்புறான்னு உளவியல் சொல்லுது. சொந்தக்காரன் போன வழியில போறான்னு சமூகவியல் சொல்லுது. எல்லாம் மூளை பண்ற வேலைங்கிறார் டாக்டர். கிருபைன்னு நான் பாடம் நடத்துறேன். எல்லாமே சரியாத்தான் இருக்கு."

"பிறகென்ன சார்?"

பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வயசுல கன்வென்ஷன் கூட்டப் பந்தல்ல அழுதேன். ரட்சிக்கப்பட்டேன்னு எழுந்து நின்னேன். அது நிஜமான்னு இப்போ எனக்கே தெரியலை. ஜெபம் பண்ண உட்கார்ந்தா வார்த்தை வரமாட்டேங்குது. அலுத்துப்போச்சு."

உபதேசியார் ஆறுதல் சொல்லவில்லை.

"ஆராதனைக்கு நேரமாச்சு. சாட்சி கேட்டுட்டுப் போங்க."

சாட்சி என்றதும் பழக்கதோஷத்தில் பேராசிரியரின் கை ரெக்கார்டருக்குப் போனது. அதில் ஏற்கெனவே இருநூற்று நாற்பது சாட்சிகள். எல்லாம் ஒரே அச்சு. குடித்தேன், அழுதேன், ஆண்டவர் தொட்டார்.

சாட்சி நேரம் வந்தது. லாரி டிரைவர் பொன்னுலிங்கம் எழுந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை.

பெண்கள் வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்தாள்.

"இவுக ஞானஸ்நானம் எடுத்து நாலு வருஷம் ஆச்சு. மூணு வருஷம் நான் ஒண்ணையும் காணலை. குடியை விட்டாக, கை நீட்டுறதை விடலை. போன ஆடியில குழம்புல உப்பை அள்ளிக் கொட்டிட்டேன். தட்டு பறக்கும்னு கதவோரம் போய் நின்னுக்கிட்டேன். இவுக மோரை ஊத்திச் சாப்பிட்டுட்டு, 'நீ ஏன் அங்க நிக்க? நீயும் வந்து உட்காரு'ன்னாக. இப்போ கதவோரம் நிக்கிறதில்லை. இவுக மாறிட்டாக."

பொன்னுலிங்கம் தலை குனிந்து நின்றார்.

"ஆமென்" என்றது சபை.

அடுத்து ஒரு வயதான அம்மா எழுந்து நின்றாள். அவள் மருமகள் எழுந்தாள்.

"அத்தைகிட்ட இன்னும் ஒண்ணும் தெரியலை."

இருவரும் உட்கார்ந்தார்கள். அதற்கும் ஆமென்தான்.

பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆராதனை முடிந்ததும் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன வழக்கம்?"

"இங்க தன் சாட்சியைத் தானே சொல்லக்கூடாது சார். கூட இருக்கவுகதான் சொல்லணும்."

"அந்த அம்மா பாவமில்லையா?"

"போன வாரமும் நின்னாங்க. அடுத்த வாரமும் நிப்பாங்க." உபதேசியார் பாயைச் சுருட்டினார். "நீங்களும் நில்லுங்களேன்."

"எனக்கு இங்க யாரு இருக்கா?"

உபதேசியார் அவர் சட்டைப்பையில் இருந்த செல்போனைப் பார்த்தார். பிறகு அடுத்த பாயைச் சுருட்டப் போய்விட்டார்.

பேராசிரியர் வெளியே வந்தார். மதுரையில் இருக்கும் மனைவியைக் கூப்பிட்டார். மணி அடிக்குமுன் வெட்டிவிட்டு, மறுபடி கூப்பிட்டார். அட, இத்தனை புத்தகம் படித்த மனுஷனுக்கு வீட்டுக்காரியிடம் இவ்வளவு பயமா?

"ஹெப்சி, ஒண்ணு கேக்கணும்."

"சார்ஜர் பெட்டிக்குள்ளதான் இருக்கும்."

"அது இல்ல. நான் மாறியிருக்கேனா? பொய் சொல்லாம சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஊரெல்லாம் போய்க் கேட்டீங்க. கல்யாணமாகி இருபத்துமூணு வருஷம். எங்கிட்ட இன்னைக்குத்தான் கேக்குறீங்க."

"சொல்லு."

"சொன்னா நேரமாகும்."

பேராசிரியர் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"ஆகட்டும்."